கடைமடைக்கும் பாயட்டும் கல்வி!

விடியற்காலை மூன்று மணி. சந்தைக்கு வந்து நின்ற லாரியிலிருந்து வெங்காய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார் நம் தோழர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டவில்லை. பல்லாயிரம் மூட்டை சுமந்த தோள். கொடிக்கம்பம் நட வேண்டும் என்றால் முதலில் கடப்பாறை எடுக்கும் கை. அன்று அந்தத் தோள் சாய்ந்தது. "நெஞ்சுக்குழியில் ஏதோ அடைக்கிறது" என்றார். வியர்த்துக் கொட்டியது. "வாயுவாக இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சோடா வந்தது, குடித்தார். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. இஞ்சிச்சாறு வந்தது, குடித்தார். வாந்தி வந்தது; வலி போகவில்லை. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. பிறகுதான் செய்தி அறிந்து நாம் ஓடினோம். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த சிறு மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம்.

அங்கே இருந்த மருத்துவர் அனுபவசாலி. தலை நரைத்தவர். அன்பாகத்தான் பேசினார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். "வாயுதான். ஊசி போடுகிறேன். வீட்டுக்குப் போய்ப் படுங்கள்" என்றார். இ.சி.ஜி. எடுக்கும் கருவி அந்த அறையின் மூலையிலேயே இருந்தது, மேலே துணி போர்த்தியபடி!

தோழர் வீட்டுக்குப் போனார். படுத்தார். எழவில்லை.

அழுதோம். மாலை வைத்தோம். கொடி போர்த்தினோம். கலைந்தோம். ஆனால் கலையாத கேள்வி ஒன்று நம் நெஞ்சிலே நின்றுவிட்டது. தோழரைப் பறித்தது எது? விதியா? "விதி" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பும் கூட்டமல்ல நாம். ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள். கேட்டோம். கேட்கக் கேட்கத் தெரிந்தது இது: அந்த அறையில் கருவி இருந்தது, மின்சாரம் இருந்தது, மருத்துவர் இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று. மேல்வயிற்று வலியாகவும், வாந்தியாகவும், வியர்வையாகவும் வேடமிட்டு வரும் மாரடைப்பு உண்டு, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் வாயு என்று சொல்லிவிடக்கூடாது என்ற பாடம், அந்த நேரத்தில் அந்த அறையில் இல்லை.

இ.சி.ஜி. எடுத்திருந்தால் தோழர் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய நாம் வரவில்லை. பிழைக்க ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது என்கிறோம்.

மருத்துவரைத் தூற்றவும் நாம் வரவில்லை. காய்ச்சலும் அவரே பார்க்க வேண்டும், பாம்புக்கடியும் அவரே பார்க்க வேண்டும், அடிபட்டு வருவோரையும் அவரே தைக்க வேண்டும். கல்லூரியை விட்டு வந்து முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டில் இதய மருத்துவம் தலைகீழாக மாறிற்றே, அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? கற்க ஒரு வாரம் ஓய்வு கொடுத்தவர் யார்? அவர் போனால் அவர் நாற்காலியில் உட்கார ஆள் அனுப்பியவர் யார்? இதுதான் நம் வினா.

* * *

"அரசியல் ஏட்டுக்கு ஆஸ்பத்திரிப் பாடத்தில் என்ன வேலை?" என்று கேட்பார் சிலர். "படித்த டாக்டருக்கே பாடமா?" என்று சிரிப்பார் வேறு சிலர்.

வேலை இருக்கிறது. பஸ் ஓட்டும் தோழர் உரிமத்தைப் புதுப்பிக்கிறார். கண்ணைச் சோதித்துக் காட்டுகிறார். ஆலையில் புது இயந்திரம் வந்தால், இருபதாண்டு பழகிய தொழிலாளியும் அதன் முன் மாணவனாக நிற்கிறார். நூலோடு பழகுவோருக்கே இந்த நியாயம் என்றால், உயிரோடு பழகுவோருக்கு இல்லையா?

இதயம் எப்படி நிற்கிறது என்பதை மேலூர் உழவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்தது. மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி, வைகையில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாக நம் வயலுக்கு வந்தது. மடை திறந்தால் பயிர். மடை அடைத்தால் பதர். கடைமடைக்காரருக்கு இது மனப்பாடம்.

நம் கைமுட்டி அளவுள்ள இதயமும் அப்படித்தான். உடம்புக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் இயந்திரம் அது. ஊருக்கெல்லாம் இறைப்பதற்கும் உணவு வேண்டுமல்லவா? அந்த உணவைக் கொண்டுவரும் சிறு குழாய்கள் அதன் மேலேயே படர்ந்திருக்கின்றன. குழாயின் உட்சுவரில் பல ஆண்டாகக் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. மடை அடைத்துவிட்டது! அந்த மடையை நம்பியிருந்த தசை வாடுகிறது. நேரம் ஆக ஆக மடிகிறது. மடிந்த இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை.

வழி இரண்டு. ஒன்று, கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பின் வழியே செலுத்துவது. மற்றொன்று, குழாயின் வழியே மெல்லிய கம்பியை அனுப்பி, பலூனை விரித்து அடைப்பைத் திறந்து, வலைக்குழல் வைப்பது. இரண்டுக்கும் எதிரி ஒருவனே. அவன் பெயர் தாமதம்.

* * *

இந்த அறிவெல்லாம் வானத்திலிருந்து ஒரே நாளில் விழுந்ததல்ல. அதன் கதையைக் கேளுங்கள். மருத்துவர் ஏன் ஏட்டை மூடக்கூடாது என்பது விளங்கும்.

1950-க்கு முன்னும் அதை ஒட்டியும், மாரடைப்பு வந்தவருக்கு உலகமெங்கும் பெரிய மருத்துவர்கள் சொன்ன சிகிச்சை என்ன? படுக்கை! அசையாதே, எழாதே, வாரக்கணக்கில் கிட என்பதே சிகிச்சை. 1952-இல் அமெரிக்காவில் லெவினும் லவுனும், நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்றார்கள். அதுவே அன்று பெரிய புரட்சி. 1960-இல், நின்றுவிட்ட இதயத்தை மார்பைப் பிளக்காமல், கையால் மேலிருந்து அழுத்தியே மீட்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் காட்டினார்கள். 1961-இல் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளுக்கென்றே தனிக் கண்காணிப்புப் பிரிவு வேண்டும் என்று எழுதினார். 1977-இல் சூரிச் நகரில் கிரண்ட்சிக் என்பவர் முதன்முதலாக இதயக் குழாயைப் பலூனால் விரித்தார்.

1986-இல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைப்பு மருந்தின் ஆற்றலை மெய்ப்பித்தது. நூற்றுக்கு 13 பேர் இறந்த இடத்தில் 10.7 பேர் இறந்தனர். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் தரப்பட்டவர்களில் இறப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று! 1988-இல் 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அந்த மருந்தோடு எளிய ஆஸ்பிரினையும் சேர்த்தால் இதய, இரத்தக்குழாய் நோயால் வரும் இறப்பு நூற்றுக்கு 42 பங்கு குறையும் என்று காட்டியது. ஆஸ்பிரின்! பொன்னல்ல, வைரமல்ல. தலைவலிக்குப் பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை.

கணக்குப் போடுங்கள். 1980-இல் பட்டம் பெற்று வெளியேறிய மருத்துவருக்கு இதில் எதைக் கல்லூரி கற்பித்திருக்கும்? அவர் சோம்பேறி என்பதால் அல்ல. பாடமே அப்போது பிறக்கவில்லை!

புதியதைக் கற்பது ஒரு பாதி. பழையதை மறப்பது மறு பாதி. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறாகத் துடித்தால், அதை அடக்கும் மாத்திரை கொடுத்துவந்தார்கள். துடிப்பு சீரானது, மருத்துவர் மகிழ்ந்தார், நோயாளியும் மகிழ்ந்தார். 1989-இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று அதைச் சோதித்தது. வெறும் மாவு மாத்திரை விழுங்கியவர்களைவிட, அந்த மருந்துகளில் இரண்டை விழுங்கியவர்களே அதிகம் இறந்தார்கள்! ஆய்வின் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்தினார்கள். நல்லெண்ணம் இருந்தது, நற்பெயர் இருந்தது, நஞ்சும் இருந்தது. செய்தி எட்டாத மருத்துவர் அதையே எழுதிக்கொண்டிருந்தால்?

"புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாமே" என்பீர்கள். 1992-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கரைப்பு மருந்து உயிர் காக்கும் என்பதற்குச் சான்று குவிந்த பிறகும், பாடநூல்கள் அதைப் பரிந்துரைக்கப் பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கி நின்றதைக் காட்டியது. "அனுபவம் கற்றுத்தராதா?" என்பீர்கள். 2005-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், ஆண்டுகள் ஏற ஏற மருத்துவரின் அறிவும் சிகிச்சைத் தரமும் இறங்கியிருந்தன. நரைத்த தலையைக் குறை கூற அல்ல. நரையே கல்வியாகாது என்று சொல்ல. தேங்கிய நீர் தெளிவாகத் தெரியும், ஆனால் பாசி பிடிக்கும்.

* * *

இதில் ஏழைக்கு என்ன பங்கு? அங்கேதான் தோழர்களே, நம் இரத்தம் கொதிக்கிறது.

2008-இல் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகள். 20,468 இதய நோயாளிகள். வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர எடுத்த நேரம், நடுக்கணக்கில் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! முதல் ஒரு மணி நேரம் பொன்னானது என்கிறது மருத்துவம். ஆறு மணி நேரம் மண்ணாகிறது நம் நாட்டில்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், பணக்காரரில் நூற்றுக்கு 5.5. ஏழைகளில் நூற்றுக்கு 8.2. ஏன்? ஏழையின் இதயம் மட்டமான மண்ணால் செய்ததா? இல்லை. ஆய்வாளர்கள் வயதைக் கழித்துப் பார்த்தார்கள், நோயின் கடுமையைக் கழித்துப் பார்த்தார்கள், வேறுபாடு போகவில்லை. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் கொண்டதும் வேறுபாடு மறைந்தது! கரைப்பு மருந்து பணக்காரரில் நூற்றுக்கு 60.6 பேருக்கு; ஏழைகளில் 52.3 பேருக்கு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பணக்காரரில் 61.2 பேருக்கு, ஏழைகளில் 36 பேருக்கு. பலூன் சிகிச்சை பணக்காரரில் 15.3 பேருக்கு, ஏழைகளில் வெறும் 2 பேருக்கு.

பலூனுக்குப் பணம் வேண்டும், புரிகிறது. மாத்திரைக்குமா இவ்வளவு பெரிய பள்ளம்? அந்தப் பள்ளத்தில் பணமின்மை பாதி என்றால், "இந்த நோயாளிக்கு இது கட்டாயம்" என்று நினைவுபடுத்தும் முறையின்மையும் அதில் கலந்திருக்கிறது என்பதே நம் கருத்து. பணக்காரர் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம், சென்னைக்குப் பறக்கலாம். உசிலம்பட்டிக் கூலித் தோழருக்கு, அன்றிரவு பணியில் யார் இருக்கிறாரோ அவரே மருத்துவர். ஆகவே மருத்துவரின் கல்வி அவர் சொந்த விவகாரம் அல்ல. அது ஏழையின் சொத்து.

* * *

"முடியுமா?" என்று கேட்பவர்க்கு நம் தமிழ்நாடே விடை சொல்லியிருக்கிறது.

கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சு; சுற்றிலும் ஆரக்கால்கள். பலூன் சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனை அச்சு. சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகள் ஆரக்கால்கள். நோயாளி சிறு மருத்துவமனைக்கு வந்ததும் இ.சி.ஜி.; அந்தக் கோடுகள் கம்பியில்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் பறக்கும்; அங்கிருந்து யோசனை வரும்; சிறு மருத்துவமனையிலேயே கரைப்பு மருந்து ஏறும்; பிறகு ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு, ஒரு நாளுக்குள் குழாய்ப் பரிசோதனைக்கு. அங்கே இருந்தவர்களுக்கு இதற்கெனப் பயிற்சி தரப்பட்டது.

2,420 நோயாளிகளின் கணக்கு 2017-இல் வெளிவந்தது. திட்டத்துக்கு முன், ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6. திட்டத்துக்குப் பின் 14.2. நூற்றுக்கு மூன்று பேருக்கும் மேல்! மூன்று பேர் என்றால் மூன்று எண் அல்ல. மூன்று வீட்டில் அடுப்பு எரிகிறது என்று பொருள்.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருவோருக்கு முதல் வேளை மருந்தாக 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் அவை வைக்கப்பட்டன. பாராட்டுகிறோம். ஆனால் பெட்டியில் இருக்கும் மாத்திரை, தானாக வாயில் ஏறாது. 'இது மாரடைப்பாக இருக்கலாம்' என்று ஐயுறும் அறிவு முதலில் வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வரலாம். பெண்களுக்கு மூச்சுத் திணறலாக, களைப்பாக, தாடை வலியாக வரலாம். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்து, சிறிது நேரம் கழித்து எடுப்பது காட்டிக்கொடுக்கலாம். கரைப்பு மருந்தைத் தரக் கூடாத இடங்களும் உண்டு: முன்பு மூளையில் இரத்தம் கசிந்தவருக்குத் தரக்கூடாது, பெருந்தமனிச் சுவர் கிழிந்து வரும் நெஞ்சுவலிக்குத் தந்தால் ஆபத்து. அறியாதவர் இரண்டு விதமாகத் தவறுவார். ஒருவர் அஞ்சித் தராமல் விடுவார். மற்றவர் ஆராயாமல் தந்துவிடுவார். அச்சத்தையும் அவசரத்தையும் ஒன்றாக ஒழிப்பது பயிற்சி ஒன்றே.

* * *

சட்டம் என்ன சொல்கிறது? 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதி: மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும். ஐந்தாண்டு என்பது அறுபது மாதம். முப்பது மணியை அறுபதால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு அரை மணி! நம் தோழர் தேநீர்க்கடையில் ஏடு படிக்கும் நேரம் அதனினும் அதிகம்.

அந்த அரை மணியை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் இன்னும் வேதனை. தொடர்கல்விக் கூட்டங்களுக்கு மருந்து நிறுவனங்கள் பணம் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். குளிர்ந்த மண்டபம், கொழுத்த விருந்து, கையில் ஒரு பை. கற்பிக்க வருபவனுக்கு விற்கவும் ஒரு சரக்கு இருந்தால், பாடம் எந்தப் பக்கம் சாயும்? 2009-இல் மருத்துவக் கவுன்சில், மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறக்கூடாது என்று மருத்துவர்களுக்கு விதித்தது. மருத்துவர்களுக்குக் கொடுத்த பரிசுகளுக்கு வருமானவரியில் கழிவு கேட்டு ஒரு நிறுவனம் உச்சநீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்தது. அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்றும் சுட்டியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு மருத்துவர் போகக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதே மாதத்தில் அந்த விதித் தொகுப்பே நிறுத்திவைக்கப்பட்டது! கதவைத் திறந்தார்கள், காற்று வருமுன் மூடினார்கள்.

நாம் கேட்கிறோம்: மருத்துவரின் கல்விக்கு மக்கள் பணம் கொடுக்காவிட்டால், மருந்து வணிகர் கொடுப்பார். அவர் கொடுத்ததை நம் மருந்துச் சீட்டில் வசூலிப்பார். எது மலிவு?

கூட்டம் போட்டால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மேடைப் பேச்சில் வளர்ந்த நாமே சொல்கிறோம், வெறும் பேச்சு மருத்துவரை மாற்றாது! 1999-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, உட்கார்ந்து கேட்கும் விரிவுரை மட்டும் நடைமுறையை மாற்றுவதில்லை. கைவைத்துச் செய்தும், கேள்வி கேட்டும் பழகும் பயிற்சியே மாற்றக்கூடியது என்று காட்டியது. அண்டையில் கேரளத்தில் 63 மருத்துவமனைகளில், 21,374 நோயாளிகளிடம், சரிபார்ப்புப் பட்டியல், பயிற்சி, மாதந்தோறும் கணக்கு என்று ஒரு பெருமுயற்சி நடந்தது. 2018-இல் முடிவு வந்தது: முப்பது நாள் கணக்கில் தெளிவான குறைவு காணவில்லை. மறைக்க மாட்டோம், அதுவும் பாடமே. கல்வி மட்டும் வந்து, ஆம்புலன்சும் மருந்தும் ஆளும் உடன் வராவிட்டால் பயன் சிறிது. தமிழ்நாட்டு முயற்சியில் அவை ஒன்றாக வந்தன. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்று நான்காகப் பகுத்தார் வள்ளுவர். நான்கு காலும் ஊன்றினால்தான் கட்டில் நிற்கும்.

* * *

இனி மதுரைக்கு வருவோம்.

பனகல் சாலையிலே நிற்கிறது நம் பெரியாஸ்பத்திரி. எர்ஸ்கின் பெயரில் இருந்தது, பின்னர் இராசாசி பெயர் பெற்றது. 1954-இல் அதை ஒட்டி மதுரை மருத்துவக் கல்லூரி எழுந்தது. இதய மருத்துவத்தில் உயர்பட்டம் படிக்கும் மருத்துவர்கள் அங்கே உண்டு. பலூன் சிகிச்சைக் கூடம் உண்டு. அதுதான் நம் அணை. சுற்றிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர், சோழவந்தான். அவைதான் நம் வாய்க்கால்கள். அணையில் நீர் நிறைந்திருக்கிறது என்று பெருமை பேசிப் பயனில்லை. கடைமடையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்!

தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் சேர்ந்த அதன் முதல் மாணவர்கள் இராமநாதபுரத்தில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். கட்டடம் காத்திருக்கலாம், இதயம் காத்திருக்காது.

நாம் வைக்கும் கோரிக்கை நான்கு.

ஒன்று: சிறு மருத்துவமனையின் ஒவ்வொரு மருத்துவரும் ஆண்டுக்கு இரண்டு வாரம் பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவில், இரவுப் பணி உட்பட, கைவைத்துப் பழக வேண்டும். அது பணிநாளாகவே கணக்கிடப்பட வேண்டும். அவர் இடத்தில் மாற்று மருத்துவர் இருக்க வேண்டும். விடுமுறை நாளில் சொந்தக் காசில் போய்க் கற்றுவா என்பது கல்வியல்ல, தண்டனை.

இரண்டு: மாதம் ஒருநாள், அந்த மாதம் வந்த நெஞ்சுவலி நோயாளிகளின் கணக்கைச் சிறு மருத்துவமனையும் பெரிய மருத்துவமனையும் சேர்ந்து அமர்ந்து பார்க்க வேண்டும். வந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தோமா? எங்கே நேரம் போயிற்று? யாரைத் தண்டிக்கலாம் என்று தேடும் கூட்டமாக இருந்தால், எல்லோரும் ஏட்டை மறைப்பார்கள். எதைத் திருத்தலாம் என்று தேடும் கூட்டமாக இருக்க வேண்டும்.

மூன்று: செவிலியருக்கும், இ.சி.ஜி. எடுப்பவருக்கும், 2008 முதல் ஓடும் 108 ஊர்தியின் பணியாளருக்கும் இதே பாடம் வேண்டும். நள்ளிரவில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்களே.

நான்கு: செலவு மக்களுடையதாக இருக்கட்டும். மருந்து நிறுவனத்தின் பெயர் பொறித்த மேடையில் அரசு மருத்துவர் மாணவராக அமரக் கூடாது.

நடக்காத காரியமா? இதே மதுரையில் 1976-இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அவர்கள் பயிற்சி நிலையம் ஒன்றும் அமைத்தார்கள். இன்று பிற நாட்டு மருத்துவமனைகளிலிருந்து மதுரைக்கு வந்து கண்ணுக்கான பாடம் கற்றுப் போகிறார்கள். உலகுக்குக் கண் கொடுக்கும் பாடம் சொல்லும் ஊர், உசிலம்பட்டிக்கு இதயத்தின் பாடம் சொல்லக் கூடாதா?

* * *

கோரிக்கை அவர்களுக்கு என்றால், கடமை நமக்கு.

தோழர்களே! நெஞ்சு கனத்தால், வலி இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடினால், காரணமின்றிக் குளிர்ந்து வியர்த்தால், சோடாக் கடைக்குப் போகாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு எதையாவது விழுங்காதீர்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நின்று, பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள்: "ஐயா, ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமா?" அந்த ஒரு கேள்வி அவமதிப்பல்ல; நினைவூட்டல். நல்ல மருத்துவர் அதற்கு நன்றி சொல்வார்.

யாரேனும் இறந்துவிட்டால், துயரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்காதீர்கள். மருத்துவர் மீது கை வைக்காதீர்கள். அடிக்கு அஞ்சும் மருத்துவர் துணிந்து கரைப்பு மருந்து ஏற்ற மாட்டார். "மதுரைக்குக் கொண்டு போங்கள்" என்று சீட்டெழுதிக் கை கழுவுவார். அந்த வழியில் போகும் ஒரு மணி நேரத்தில் மடிவது நம் அண்ணன் தம்பியின் இதயம்.

ஒவ்வொரு கிளைக் கழகத்திலும் ஒருநாள், மார்பை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியை நடத்துங்கள். பெரியாஸ்பத்திரி மருத்துவரை அழையுங்கள். நாம் பேசி அவர் கேட்டது போதும். அவர் பேசி நாம் கேட்போம். நாம் கற்கத் தொடங்கினால்தான், "நீங்களும் கற்க வேண்டும்" என்று கேட்கும் தகுதி நமக்கு வரும்.

பயிற்சி முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு நான்கு பேர் அமைதியாகப் போங்கள். மூன்று கேள்வி கேட்டு வாருங்கள். இ.சி.ஜி. கருவி வேலை செய்கிறதா? இரவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? கடைசியாக அவர் எப்போது பயிற்சிக்குப் போனார்? விடைகளை எழுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நம் ஏட்டுக்கும் அனுப்புங்கள்.

நாம் கொடி போர்த்திய அந்தத் தோழரை மீட்க முடியாது. அவர் தூக்கிய மூட்டையை இன்று வேறொரு தோழர் தூக்குகிறார். அவருக்கும் ஒருநாள் நெஞ்சு கனக்கலாம். அன்று அவர் போகும் மருத்துவமனையின் மூலையில், அந்தக் கருவியின் மேல் துணி இருக்கக்கூடாது.